சொல் ஒதுங்கிய இடம்: குழந்தைப் படநூல்களும் அவற்றின் ஆசிரியர்களும்

எழுத்தறியாப் பருவத்திலேயே மனிதர் கைக்கு வந்து சேரும் முதல் நூல் படநூல். அதனைப் படிப்போர் இருவர். மடியில் அமர்ந்த குழந்தை படத்தைப் படிக்கிறது. மடி தந்த தாயோ பாட்டியோ சொல்லைப் படிக்கிறார். ஒரே பக்கத்தை இருவர் இருவேறு வழியில் ஒரே நேரத்தில் படிக்கும் இத்தகைய அமைப்பு பிற இலக்கிய வகைகளுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. இருந்தும், இலக்கிய வரலாறுகளில் படநூலுக்கு இடம் கிடைப்பது அரிது. கிடைக்கும்போதும், சொல்லை எழுதியவரே ஆசிரியர் என்றும், படம் வரைந்தவர் அவருக்குத் துணை செய்தவர் என்றும் எழுதிச் செல்வதே வழக்கமாக உள்ளது. இவ்வழக்கம் எவ்வாறு வேரூன்றியது, எவரெவரால் தளர்ந்தது, தளர்ந்தபோது கவிதைக்கு அதனால் விளைந்த பயன் யாது என்பனவற்றை ஐரோப்பிய, அமெரிக்கப் படநூல் வரலாற்றின் வழியே காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படமுள்ள நூலும் படநூலும்

படம் இடம்பெற்ற நூல்கள் எல்லாம் படநூல்கள் ஆகா. லூயிஸ் கரோல் எழுதி ஜான் டென்னியல் படம் வரைந்த ஆலிஸ் கதை 1865இல் அச்சாயிற்று. படங்கள் அச்சில் விழுந்த விதம் டென்னியலுக்கு நிறைவளிக்கவில்லை. அவர் குறை கூறியதனால் அச்சிட்ட 2,000 படிகளும் விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டு, நூல் மீண்டும் அச்சிடப்பட்டது. ஓர் ஓவியரின் சொல்லுக்கு இருந்த மதிப்புக்கு இது தக்க சான்று. ஆயினும் டென்னியலின் படங்களை நீக்கிவிட்டாலும் ஆலிஸ் கதை கதையாகவே நிற்கும். அதனால் அது படமுள்ள நூலே.

படநூலின் இயல்பு வேறு. அதில் சொல்லை மட்டும் பிரித்தெடுத்தால் பொருள் குறைபடும். படத்தை மட்டும் பிரித்தெடுத்தாலும் குறைபடும். சொல் ஒன்றைக் கூறும்; படம் அச்சொல் கூறாத மற்றொன்றைக் காட்டும்; இரண்டும் கூடும் இடத்தில் மூன்றாவதாக ஒரு பொருள் பிறக்கும். தமிழ் அறிந்தோர்க்கு இது புதிய செய்தி அன்று. தொல்காப்பியம் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் வகுத்துக் காட்டும் நெறிகள் இதற்கு உறவானவை. சங்க அகப்பாடலில் தோழி பலாவையும் மந்தியையும் அருவியையும் பற்றிப் பேசுகிறாள். தலைவியின் துயரைப் பற்றி ஒரு சொல்லும் கூறாதிருக்கிறாள். கேட்போர் உள்ளத்தில் அத்துயரே நிறைகிறது. கருப்பொருள் அங்கே செய்யும் பணியைப் படநூலில் ஓவியம் செய்கிறது. அங்ஙனமாயின், பொருளின் ஒரு பாதியை ஆக்கித் தருபவரைத் துணைவர் என்று மட்டும் அழைப்பது எவ்வாறு பொருந்தும்? படநூல் வரலாற்றின் அடியில் ஓடும் வினா இதுவே.

கொமேனியசின் நூல்

இளையோர்க்கென ஐரோப்பாவில் எழுந்த பட நூல்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1658ஆம் ஆண்டில் தொடங்குவர். மொராவிய நாட்டுச் சமயத் தலைவரும் கல்வியாளருமான ஜான் அமோஸ் கொமேனியஸ் (1592–1670) இயற்றிய ‘ஆர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்’, அதாவது கண்ணுக்குப் புலனாகும் உலகத்தின் படம், அவ்வாண்டில் நியூரம்பர்க் நகரில் வெளிவந்தது. முப்பதாண்டுப் போரினால் தாயகத்தை இழந்து நாடு நாடாக அலைந்தவர் அவர். அடைக்கலம் தந்த போலந்து நாட்டு லெஸ்னோ நகரும் 1656இல் தீக்கிரையானபோது தம் கையெழுத்துப் படிகள் பலவற்றையும் அவர் பறிகொடுத்தார். உலகம் சிதைவதைக் கண்ட ஒருவர் அவ்வுலகத்தை 150 பாடங்களாக ஒழுங்குபடுத்திக் குழந்தையின் கையில் கொடுத்தார் என்பது எண்ணத்தக்கது.

அந்நூலில் ஒவ்வொரு பாடத்திற்கும் ஒரு மரச்செதுக்குப் படம் உண்டு. படத்தில் உள்ள பொருள்களுக்கு எண் இடப்பட்டிருக்கும். அதே எண் கீழேயுள்ள இலத்தீன் சொல்லுக்கும் செருமானியச் சொல்லுக்கும் இடப்பட்டிருக்கும். மறு ஆண்டே, 1659இல், சார்லஸ் ஹூல் அதனை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அந்நூல் ஐரோப்பியப் பள்ளிகளில் வழங்கிற்று. குழந்தைக்குப் பொருள் முதலில், சொல் பின்னர் என்ற அவரது கொள்கை கல்வி உலகில் பெரும் புரட்சி.

ஆயினும் அங்கே படம் சொல்லின் ஏவலாளாகவே நின்றது. எண் காட்டிய பொருளைச் சுட்டுவதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. கொமேனியசின் பெயர் நிலைபெற்றது. அந்த 150 படங்களையும் மரத்தில் செதுக்கிய கைக்குரியவரின் பெயரைக் கல்வி வரலாறுகளில் அரிதாகவே காண முடிகிறது.

இந்நிலை நெடுங்காலம் நீடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் பதிப்பாளர்கள் சிறுவர் நூல்களுக்குக் கையாலேயே வண்ணம் பூசச் செய்தனர். மேசையைச் சுற்றிச் சிறுவரும் சிறுமியரும் அமர்வர். ஒருவர் சிவப்பை மட்டும் தீட்டி அடுத்தவரிடம் தள்ளுவார். அவர் நீலத்தை மட்டும் தீட்டுவார். வசதி படைத்த வீட்டுக் குழந்தை கண்டு மகிழ்ந்த வண்ணத்தைத் தீட்டியது, கூலிக்கு உழைத்த மற்றொரு குழந்தையின் கை. அக்கைகளுக்கு எந்தப் பக்கத்திலும் பெயர் இல்லை.

ஒருவரே இரண்டுமான காலம்

சொல்லும் படமும் சம நிலையில் கூடுவதற்கு முதலில் தென்பட்ட வழி, இரண்டையும் ஒருவரே செய்வது. வில்லியம் பிளேக் 1789இல் தம் ‘களங்கமின்மைப் பாடல்கள்’ தொகுதியை வெளியிட்டபோது, பாடலை எழுதியவரும் செப்புத் தகட்டில் எழுத்தையும் ஓவியத்தையும் சேர்த்துப் பொறித்தவரும் அச்சிட்டவரும் அவரே. அச்சிடுவதிலும் வண்ணம் தீட்டுவதிலும் அவர் மனைவி கேத்தரின் உடன் உழைத்தார். கொடியும் இலையும் எழுத்துகளின் ஊடே படர்ந்து செல்லும் அப்பக்கங்களில் பாடல் எங்கே முடிகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க இயலாது. ஆனால் கையுழைப்பால் உருவான அந்நூல் அவர் வாழ்நாளில் மிகச் சிலரையே எட்டியது.

எட்வர்ட் லியர் 1846இல் புனைபெயரில் வெளியிட்ட நகைப்பாடல் நூலும் இவ்வகையினது. பறவைகளை நுட்பமாக வரைந்து புகழ்பெற்ற அவர், இந்நூலில் வேண்டுமென்றே கோணல் கோடுகளால் மனிதரை வரைந்தார். பொருளற்றதுபோல் ஒலிக்கும் ஐந்தடிப் பாடலுக்கு அக்கோணல் கோடே உயிர். 1861இல் விரிந்த பதிப்பு வந்து நூல் பெரும் புகழ் எய்தியது. அதன் உரிமையை லியர் 125 பவுனுக்கு விற்றுவிட்டார். பின்னர்ப் பதிப்பு மேல் பதிப்பாக வந்த வருவாயில் அவருக்குப் பங்கு இல்லாது போயிற்று.

பிளேக்குக்குப் படி பெருகவில்லை. லியருக்குப் படி பெருகியும் பயன் சேரவில்லை. படநூல் தனி இலக்கிய வகையாக நிலைபெற வேண்டுமாயின், நல்ல வண்ண அச்சு மலிவாக வேண்டும். ஓவியருக்கு உரிய பங்கும் வகுக்கப்பட வேண்டும். இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஓர் அச்சுக்கூடத்தில் நிகழ்ந்தன.

எட்மண்ட் எவான்சின் அச்சுக்கூடம்

எட்மண்ட் எவான்ஸ் (1826–1905) மரச்செதுக்குக் கலையைப் பயிற்சி மாணவராகக் கற்று, இலண்டனில் அச்சுக்கூடம் நிறுவியவர். படத்தின் கோடுகளுக்கு ஓர் அச்சுக்கட்டை, ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒவ்வோர் அச்சுக்கட்டை எனத் தனித்தனியே செதுக்கி, ஒன்றன் மேல் ஒன்றாக மயிரிழையும் பிசகாது அச்சிடுவது அவரது முறை. மலிவுப் பதிப்பு என்றால் பளிச்சிடும் வண்ணமே போதும் என்று பிறர் கருதிய காலத்தில், மலிவு நூலும் அழகிய நூலாக இருக்கலாம் என்று நம்பியவர் அவர். நிறைய அச்சிட்டால் விலை குறையும் என்ற கணக்கை அவர் அறிந்திருந்தார்.

1865 முதல் வால்டர் கிரேன் (1845–1915) எவான்சுக்காக ஆறு பென்சு விலையுள்ள சிறுவர் நூல்களை வரைந்தார். சப்பானிய அச்சோவியங்களில் கண்ட திண்ணிய கோட்டையும் சமமாகப் பரந்த வண்ணத்தையும் அவர் தம் பக்கங்களில் கையாண்டார். எழுத்தும் படமும் ஓரச்சட்டமும் சேர்ந்து பக்கம் முழுவதும் ஒரே வடிவமைப்பாக அமைய வேண்டும் என்பது அவர் கொள்கை. இந்நூல்கள் அவருக்கு நற்பெயர் ஈட்டித் தந்தன. ஆனால் படங்களுக்கு ஒரு முறை தொகை பெற்றதோடு சரி. எத்தனை ஆயிரம் படிகள் விற்றாலும் அவருக்கு உரிமைத்தொகை இல்லை. இக்குறையைக் கிரேன் பிற்காலத்தில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்.

கிரேன் இத்தொடரிலிருந்து விலகியபின் எவான்ஸ் அணுகியவர் ரண்டால்ஃப் கால்டிகாட். செஸ்டர் நகரில் 1846 மார்ச் 22ஆம் நாள் பிறந்து, வங்கி எழுத்தராகப் பணிபுரிந்து, 1872இல் ஓவியத்தையே தொழிலாகக் கொண்டு இலண்டன் வந்தவர் அவர். எவான்சுக்கும் கால்டிகாட்டுக்கும் இடையே ஏற்பட்ட ஏற்பாடு படநூல் வரலாற்றில் முதன்மையானது. செதுக்குச் செலவு, தாள் செலவு, 10,000 படிகள் அச்சிடும் செலவு ஆகியவற்றை எவான்ஸ் ஏற்றார். வரையறுத்த கூலி தமக்கு வேண்டா என்றார் கால்டிகாட். விற்றால் விற்ற அளவுக்குப் பங்கு. விற்காவிடில் தம் உழைப்பு தமக்கு நட்டம் என்பது அவர் நிலை. கூலிக்கு வரைந்து கொடுப்பவர் என்ற நிலையிலிருந்து, நூலின் இலாப நட்டத்தில் பங்குள்ளவர் என்ற நிலைக்கு ஓவியர் நகர்ந்தார். ஆசிரியர் என்ற சொல்லுக்கு உரிய பொருளாதார அடிப்படை அங்கே அமைந்தது.

கரும்பழுப்பு, உடல் நிறம், சிவப்பு, நீலம், மஞ்சள், சாம்பல் என ஆறு மைகளால் அந்நூல்கள் அச்சாயின. 1878 கிறித்துமசு காலத்தில் முதல் இரு நூல்கள் ஒரு சில்லிங் விலையில் வந்தன. 1885 வரை ஆண்டுக்கு இரண்டாகப் பதினாறு நூல்கள் வெளியாயின.

கரண்டியின் துயரம்

கால்டிகாட் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் நாட்டில் வழங்கிய பழைய குழந்தைப் பாடல்கள். சில அடிகளே கொண்ட பாடலை அடியடியாகப் பிரித்து, பல பக்கங்களில் பரப்பினார். அடிக்கும் அடிக்கும் இடையே சொல்லே இல்லாத படங்களைச் சேர்த்தார். பாடல் மௌனமாக இருந்த அவ்விடைவெளிகளில் அவர் தம் கதையைக் கூறினார்.

1882இல் வந்த நூல் ஒன்று இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பிடில் வாசிக்கும் பூனையும் நிலவைத் தாண்டும் பசுவும் வரும் புகழ்பெற்ற ஆங்கிலப் பாடல் அது. கரண்டியோடு தட்டு ஓடிப்போனது என்று பாடல் முடிந்துவிடும். குழந்தைகள் சிரிப்பார்கள். கால்டிகாட் அங்கே முடிக்கவில்லை. மேலும் ஒரு படம் வரைந்தார். அதில் கத்தியும் முள்கரண்டியும் பெற்றோராக வந்து மகளாகிய கரண்டியைப் பற்றி அழைத்துச் செல்கின்றன. தட்டு நொறுங்கிக் கிடக்கிறது. அப்படத்தின் கீழ் ஒரு சொல்லும் இல்லை. உடன்போக்கும் அதனைத் தடுக்கும் சுற்றமும் தமிழ் அகமரபுக்குப் பழக்கமானவை. ஒரு விளையாட்டுப் பாடலுக்குள் அத்துயரத்தைக் கண்டெடுத்தவர் பாடலை இயற்றியவர் அல்லர், படம் வரைந்தவர்.

அதே நூலில் இடம்பெற்ற தாலாட்டிலும் இவ்வாறே. குழந்தையைப் போர்த்த முயல்தோல் கொண்டுவரத் தந்தை வேட்டைக்குப் போயிருக்கிறார் என்கிறது பாடல். கடைசிப் படத்தில் முயல்தோல் ஆடை அணிந்த குழந்தை உலாவச் செல்கிறது. மேட்டின் மீது உயிருள்ள முயல்கள் கூட்டமாக அமர்ந்திருக்கின்றன. குழந்தை அவற்றைப் பார்க்கிறது. அவையும் குழந்தையைப் பார்க்கின்றன. தன்மேல் கிடக்கும் தோல் எங்கிருந்து வந்தது என்ற வினா அப்பார்வையில் எழுகிறது. பாடல் இவ்வினாவை அறியாது. பிற்காலத்து ஓவியர் மாரிஸ் செண்டாக், கால்டிகாட்டையே தற்காலப் படநூலின் தோற்றுநராகக் கொண்டமைக்கு இத்தகைய பக்கங்களே காரணம்.

உடல்நலம் குன்றிய கால்டிகாட், வெப்பம் நாடி அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திற்குச் சென்று, 1886 பிப்ரவரியில் நாற்பது வயது நிறைவதற்குள் அங்கேயே மறைந்தார்.

கிரீன்அவேயும் பாட்டரும்

கால்டிகாட் பிறந்த அதே 1846 மார்ச்சில், ஐந்து நாள் முன்னதாகப் பிறந்தவர் கேட் கிரீன்அவே. எவான்சோடு ஒன்றாகத் தொழில் பயின்ற செதுக்குக் கலைஞரின் மகள் அவர். தாமே பாடல் எழுதிப் படமும் வரைந்த அவரது ‘சன்னலின் கீழே’ 1879இல் வெளிவந்தது. அறிமுகமற்ற பெண் ஒருவரின் முதல் நூலை எவான்ஸ் 20,000 படிகள் அச்சிட்டபோது பதிப்பாளர்கள் நகைத்தனர். மறு அச்சு ஆயத்தமாகுமுன் அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. திறனாய்வாளர் ஜான் ரஸ்கின் 1883இல் அவர் ஓவியத்தைப் பற்றி ஆக்ஸ்ஃபோர்டில் சொற்பொழிவே நிகழ்த்தினார். மறுபுறம், அவர் வரைந்த சிறுவர் சிறுமியர் உருவங்களைத் தட்டுகளிலும் கைக்குட்டைகளிலும் ஒப்புதல் பெறாமலே பலர் படியெடுத்து விற்றனர்.

இவ்விழப்பிலிருந்து பாடம் கற்றவர்போல் செயற்பட்டவர் பியாட்ரிக்ஸ் பாட்டர் (1866–1943). அவர் தந்தை கால்டிகாட்டின் மூல ஓவியங்களை வாங்கி வீட்டில் வைத்திருந்தார். அவற்றைப் பார்த்தே மகள் வளர்ந்தார். நோயுற்ற ஒரு சிறுவனுக்கு 1893 செப்டம்பர் 4ஆம் நாள் அவர் எழுதிய படக்கடிதமே பீட்டர் என்னும் முயலின் கதையாயிற்று. பதிப்பாளர்கள் பலர் மறுத்தமையால் 1901 டிசம்பரில் 250 படிகளைச் சொந்தச் செலவில் அச்சிட்டார். 1902இல் ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம் வண்ணத்தில் வெளியிட்டது. அச்சிட்டது எட்மண்ட் எவான்சின் அச்சுக்கூடமே. குழந்தையின் சிறுகைக்கு அடங்கும் அளவும் குறைந்த விலையும் பாட்டர் வற்புறுத்திப் பெற்றவை. அமெரிக்காவில் நூலுரிமை பதிவு செய்யப்படாமையால் அங்குத் திருட்டுப் பதிப்புகள் தோன்றின. பாட்டரோ 1903இலேயே பீட்டர் பொம்மையின் வடிவத்தை அரசிடம் பதிவு செய்துகொண்டார். நூல் வருவாயைக் கொண்டு 1905இல் ஏரி மாவட்டத்தில் ஒரு பண்ணை வாங்கினார். அவர் மறைந்தபோது 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அவர் விருப்பப்படி நாட்டு மக்களுக்கெனத் தேசிய அறக்கட்டளையைச் சேர்ந்தது. லியரின் 125 பவுனையும் பாட்டரின் 4,000 ஏக்கரையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால், உரிமைத்தொகை என்னும் ஏற்பாடு கலைஞர் வாழ்வில் எத்தகைய மாற்றத்தைக் கொணர்ந்தது என்பது விளங்கும்.

கடலுக்கு அப்பால்

இருபதாம் நூற்றாண்டில் படநூல் அமெரிக்காவில் புதிய வளர்ச்சி பெற்றது. வாண்டா காக் 1928இல் வெளியிட்ட ‘கோடிக்கணக்கான பூனைகள்’ கறுப்பு வெள்ளையில் அமைந்தது. எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் ஒரே பரப்பாகக் கொண்டு, மலையும் பாதையும் பூனைக் கூட்டமும் இடத்திலிருந்து வலத்திற்கு ஓடுமாறு அவர் வரைந்தார். எழுத்துகளை அவருடைய தம்பி கையாலேயே எழுதினார்.

எஸ்ரா ஜாக் கீட்சின் ‘பனி நாள்’ 1962இல் வந்தது. பனி பெய்த காலையில் ஒரு சிறுவன் தெருவில் இறங்கி விளையாடி வீடு திரும்புகிறான் என்பதே கதை. சிறுவன் கறுப்பினத்தவன் என்பதை அந்நூலின் சொற்கள் எங்கும் கூறவில்லை, படமே காட்டுகிறது. சொல் கூறியிருந்தால் அது வாதமாகியிருக்கும். படம் காட்டியதனால் அது இயல்பாயிற்று. கறுப்பினக் குழந்தை ஒன்றின் ஒளிப்படங்களை 1940இல் ‘லைஃப்’ இதழிலிருந்து வெட்டியெடுத்து, இருபதாண்டுகளுக்கு மேல் கீட்ஸ் பாதுகாத்து வைத்திருந்தார். அக்குழந்தைக்கு ஒரு நூலில் இடம் கிடைக்க அத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன. 1962 முதல் 1964 வரை அமெரிக்காவில் வெளியான 5,206 சிறுவர் நூல்களை நான்சி லாரிக் ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட கட்டுரை, அவற்றுள் 349இல் மட்டுமே கறுப்பினத்தவர் ஒருவரேனும் இடம்பெற்றதைக் காட்டிற்று. எவர் முகம் படமாக வரையப்படுகிறது என்பதும், எவர் முகம் விடுபடுகிறது என்பதும் குழந்தைக்குக் கற்பிக்கப்படும் பாடங்களே.

மாரிஸ் செண்டாக் (1928–2012) எழுதி வரைந்த ‘காட்டு விலங்குகள் வாழும் இடம்’ 1963இல் வெளிவந்தது. முதலில் காட்டுக் குதிரைகளைப் பற்றி எழுதத் தொடங்கி, குதிரை தமக்கு வரைய வரவில்லை என்பதால் அவர் விலங்குகளுக்கு மாறியதாகக் கூறுவர். நூல் முழுவதிலும் உள்ள சொற்கள் 338. தாயிடம் சினந்த சிறுவன் உணவின்றி அறைக்கு அனுப்பப்படுகிறான். தொடக்கத்தில் படம் பக்கத்தின் நடுவே சிறு கட்டமாக உள்ளது. சினமும் கற்பனையும் பெருகப் பெருகப் படமும் பெருகி, பக்கத்தை நிறைத்து, எதிர்ப்பக்கத்திலும் பரவுகிறது. விலங்குகளோடு அவன் களித்தாடும் மூன்று இரட்டைப் பக்கங்களில் ஒரு சொல்லும் இல்லை. பின்னர்ப் படம் மெல்லச் சுருங்குகிறது. வீடு திரும்பியவனுக்கு இரவுணவு காத்திருக்கிறது. அது இன்னும் சூடாறவில்லை என்ற செய்தி படமே இல்லாத கடைசிப் பக்கத்தில் சொல்லாக மட்டும் வருகிறது. தாய் அந்நூலில் எங்கும் வரையப்படவில்லை. அவள் அன்பு அச்சூட்டில் உணரப்படுகிறது. சினத்தின் உச்சத்தில் சொல் ஒதுங்கிப் படத்திற்கு வழிவிட்டது. அன்பின் உச்சத்தில் படம் ஒதுங்கிச் சொல்லுக்கு வழிவிட்டது. ஒன்று மற்றொன்றுக்கு இடம்தரும் இவ்வொழுங்கே படநூலின் யாப்பு எனலாம்.

விருதுகள் காட்டும் காலத்தாழ்வு

இத்தனை சாதனைக்குப் பின்னும் ஓவியருக்கு உரிய மதிப்பு தாமதமாகவே வந்தது என்பதைப் பரிசுகளின் வரலாறு காட்டுகிறது. அமெரிக்காவில் சிறந்த சிறுவர் இலக்கியத்திற்கான நியூபெரி பதக்கம் 1922இல் முதலில் வழங்கப்பட்டது. படநூல் ஓவியருக்கான கால்டிகாட் பதக்கம் 1938இல்தான் முதலில் வழங்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் வெளியான வாண்டா காக்கின் நூலுக்கு 1929இல் கிடைத்தது நியூபெரியின் சிறப்புத் தகுதி. படத்திற்கெனப் பரிசு அன்று இல்லை. இங்கிலாந்தில் எழுத்துக்கான கார்னகி பதக்கம் 1936இல் தோன்றிற்று. ஓவியத்திற்கான கேட் கிரீன்அவே பதக்கம் 1955இல் நிறுவப்பட்டது. (2022இல் அதன் பெயர் ஓவியத்திற்கான கார்னகி பதக்கம் என மாற்றப்பட்டது.) பன்னாட்டு அளவிலான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது 1956 முதல் எழுத்தாளருக்கும், 1966 முதலே ஓவியருக்கும் வழங்கப்பட்டு வருகிறது. மூன்று இடங்களிலும் சொல் முன்னே சென்றது. படம் பத்து முதல் இருபது ஆண்டுகள் கழித்தே வந்து சேர்ந்தது. 2010களின் நடுவிலும் சாரா மெக்கின்டயர் என்னும் ஓவியர், நூலின் அட்டையிலும் விற்பனைப் பட்டியல்களிலும் விருதுப் பட்டியல்களிலும் ஓவியர் பெயரைச் சேர்க்கவேண்டும் என்று இங்கிலாந்தில் ஓர் இயக்கத்தையே நடத்த வேண்டியிருந்தது.

தமிழ்ச் சூழலில்

தமிழில் குழந்தைப் பாடலின் மரபு வளமானது. பாரதியாரும் கவிமணியும் தொடங்கிவைத்ததைக் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922–1989) தம் வாழ்நாள் பணியாக்கினார். அவர் முயற்சியால் 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றிற்று. இக்கவிஞர் பெயர்களைத் தமிழுலகம் நன்கறியும். அப்பாடல்கள் குழந்தைகளிடம் சென்று சேர்ந்த நூல்களுக்குப் படம் வரைந்தவர்களின் பெயர்களைக் கேட்டால் இலக்கிய ஆர்வலரும் தயங்குவர்.

1947 சூலையில் தோன்றிய அம்புலிமாமா இதழின் கதை இதற்குச் சான்று. தோளில் வேதாளத்தைச் சுமந்து, கையில் வாளுடன் சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமன் உருவம் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு மேல் மனத்தில் பதிந்த ஒன்று. அதனை வரைந்த சங்கர் என்னும் கே. சி. சிவசங்கரன் 1952இல் அவ்விதழில் சேர்ந்து ஏறத்தாழ அறுபதாண்டுகள் வரைந்தார். 2020இல் தொண்ணூற்றாறாம் வயதில் மறைந்தார். பத்மஸ்ரீ விருது அவர் மறைவுக்குப் பின் 2021இல் அறிவிக்கப்பட்டது. உருவத்தை அறிந்த இலட்சக்கணக்கானோரில் வரைந்தவரை அறிந்தோர் எத்துணையர்?

வேறு வழியும் இங்கேயே காட்டப்பட்டுள்ளது. சென்னையில் 1994இல் தொடங்கப்பட்ட தாரா பதிப்பகம் 2006இல் வெளியிட்ட ‘மரங்களின் இரவு வாழ்க்கை’ என்னும் ஆங்கில நூல், மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர்களான பஜ்ஜு ஷியாம், துர்காபாய், ராம்சிங் உர்வேதி ஆகிய மூவரையும் அட்டையிலேயே ஆசிரியர்களாக அறிவித்தது. கறுநிறக் கைத்தாளில் திரையச்சு முறையில் கையாலேயே அச்சிடப்பட்ட அந்நூலில் சொற்கள் மிகச் சில. 2008இல் இத்தாலியின் பொலோனா சிறுவர் நூல் கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்தது. கொமேனியசின் காலத்தில் பெயரின்றி மறைந்த கை, இங்கே நூலாசிரியராகத் தலைநிமிர்ந்தது.

கவிஞர்க்கு

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் மலரில் ஓவியர்களைப் பற்றி இத்துணை கூறுவதற்குக் காரணம் உண்டு. குழந்தைப் பாடல் நூல்கள் பெரும்பாலும் கவிஞர் எழுதி முடித்த பின்னரே ஓவியரிடம் செல்கின்றன. பாடலில் நிலா என்று இருந்தால் நிலாவை வரைகிறார். யானை என்று இருந்தால் யானையை வரைகிறார். கொமேனியசின் எண்ணிட்ட படத்திற்கு மேல் செல்ல அவருக்கு இடமில்லை. எல்லாவற்றையும் சொல்லே கூறிவிட்ட பாடலில் படத்திற்கு வேலை இல்லை. யானையின் நிறத்தையும் நடையையும் தும்பிக்கையையும் கவிஞர் விரித்துரைத்தபின் ஓவியர் செய்யக்கூடியது எதிரொலிப்பது ஒன்றே.

கவிஞரும் ஓவியரும் தொடக்கத்திலேயே சேர்ந்து அமர்ந்தால், எந்த அடியைக் கூறாது விடலாம் என்பது புலப்படும். அவ்வாறு விடப்பட்ட அடியில்தான் கரண்டியின் துயரமும், முயல்களின் பார்வையும், பனியில் நடந்த சிறுவனின் முகமும் பிறந்தன. கூறாது விடுவதை இழப்பாகக் கருதவேண்டியதில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அதனை இலக்கணமாக வகுத்த மொழி தமிழ். உரிமையின் வகையில் செய்யவேண்டியவையும் எளியவையே: ஓவியர் பெயர் அட்டையில் கவிஞர் பெயரோடு ஒரே அளவில் இடம்பெற வேண்டும், ஒரு முறைக் கூலிக்கு மாற்றாக உரிமைத்தொகையில் பங்கு வேண்டும், நூல் மதிப்புரையில் படத்திற்கும் மதிப்புரை வேண்டும். 1878இல் கால்டிகாட் கேட்டுப் பெற்றதற்கு மேல் இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

மடியில் அமர்ந்த குழந்தை அட்டையில் உள்ள பெயர்களைப் படிக்க அறியாது. படித்துக் காட்டுபவர் இரு பெயர்களையும் சேர்த்துப் படித்துக் காட்டுவாராயின், நூல் என்பது இருவர் கூடிச் செய்தது என்ற உண்மையோடு அக்குழந்தையின் வாசிப்பு தொடங்கும்.